உடன்படிக்கையின் தேவன் எந்த அர்த்தத்தில் உண்மையுள்ளவர்?

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு நாளாக மனதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். புத்தாண்டு இரவு ஆராதனையில் உங்கள் அம்மா எடுத்த வாக்குத்தத்த அட்டையில் "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்" என்ற சங்கீத வசனம் வந்தது. ஜூன் மாதம் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து அந்த வசனத்தை உரிமைபாராட்டி வீடே ஜெபித்தது. நவம்பரில் அம்மா போய்விட்டார்கள். அடக்கம் முடிந்த மறுவாரமே ஜெபக்குழுவில் ஒருவர் "விசுவாசத்தில் எங்கேயோ ஓட்டை இருந்திருக்கும்" என்று சொல்லியிருக்கிறார். "உடன்படிக்கையைக் காக்கிறவர், உண்மையுள்ளவர் என்று பாடுகிறோமே, எந்த அர்த்தத்தில்? அந்த அட்டையைக் கிழித்துப் போட்டுவிடலாமா?" என்று கேட்கிறீர்கள். கூடவே கல்லூரியில் படிக்கும் உங்கள் மகனின் கேள்வி ஒன்று: பழைய உடன்படிக்கையை எடுத்துவிட்டுப் புதிதாக இன்னொன்று செய்தவரை மாறாதவர் என்று எப்படிச் சொல்வது?

முதலில் அந்த ஓட்டை விஷயம். அது தவறான பேச்சு. துக்க வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், உபதேசமாகப் பார்த்தாலே அது தவறு. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடன்படிக்கை என்றதும் நமக்கு வீட்டு வாடகை ஒப்பந்தம் மாதிரி ஒன்றுதான் ஞாபகத்துக்கு வருகிறது. இந்தப் பக்கம் ஒரு கையெழுத்து, அந்தப் பக்கம் ஒரு கையெழுத்து, ஒருவர் தவறினால் இன்னொருவருக்குக் கடமை இல்லை. வேதப்புத்தகத்தின் இரண்டு பாகங்களுக்கும் பெயரே இந்தச் சொல்தான் என்பதை நாம் கவனிப்பதில்லை, ஏனென்றால் அங்கே 'ஏற்பாடு' என்று இருக்கிறது, அதுவோ கல்யாண ஏற்பாடு, சாப்பாட்டு ஏற்பாடு என்று புழங்கிப் புழங்கிக் கனம் தேய்ந்துபோன வார்த்தை. கிரேக்கத்தில் இதற்குத் 'தியாத்தேக்கே' என்று பெயர். உயில் என்பதற்கும் அதே சொல்தான், அதனால்தான் எபிரெயர் 9ஆம் அதிகாரத்தில் நம் பழைய மொழிபெயர்ப்பு 'மரணசாசனம்' என்று போட்டிருக்கிறது. எபிரெயத்தில் 'பெரீத்'. அந்த மொழியில் உடன்படிக்கையைச் செய்கிறார்கள் என்று சொல்வதில்லை, 'வெட்டுகிறார்கள்' என்றுதான் சொல்கிறார்கள்.

எதை வெட்டினார்கள் என்பது ஆதியாகமம் 15இல் இருக்கிறது. பிள்ளை இல்லாத ஆபிராமை (பிற்பாடு ஆபிரகாம் என்று பெயர் பெற்றவர்) வெளியே அழைத்துக்கொண்டு போய் நட்சத்திரங்களை எண்ணச் சொன்ன அதே அதிகாரம். நட்சத்திரம் வரைக்கும் எல்லாரும் பிரசங்கிக்கிறோம், அதற்குப் பிறகு வருவது கொஞ்சம் இரத்தமும் சதையுமாக இருப்பதால் தாண்டிவிடுகிறோம். தேசத்தையும் தருவேன் என்று கர்த்தர் சொல்கிறார். "நான் அதைச் சுதந்தரித்துக்கொள்வேன் என்று எதினால் அறிவேன்?" என்று ஆபிராம் கேட்கிறார் (விசுவாசத்தின் தகப்பன் கேட்ட கேள்வி இது, இதற்காக அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை). பதிலாக, மூன்று வயதுள்ள ஒரு கிடாரி, ஒரு வெள்ளாடு, ஒரு ஆட்டுக்கடா, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு இவற்றைக் கொண்டுவரச் சொல்கிறார். மிருகங்களை நடுவாகப் பிளந்து, துண்டுகளை எதிரெதிராக வைத்து, நடுவில் ஒரு வழி. பறவைகளை மட்டும் பிளக்கவில்லை. பிணந்தின்னிப் பறவைகள் வந்து இறங்க இறங்க, ஆபிராம் சாயங்காலம் வரைக்கும் விரட்டிக்கொண்டு நிற்கிறார்.

அந்த நடுவழி எதற்கு என்பது அந்தக் காலத்து ஆட்களுக்கு விளக்கம் இல்லாமலே தெரியும். சிரியாவில் அலெப்போவுக்குப் பக்கத்தில் செஃபிரே என்ற ஊரில் கிடைத்த, கி.மு. 8ஆம் நூற்றாண்டு அரமேயிக் கல்வெட்டு ஒன்றில், உடன்படிக்கையை மீறினால் இந்தக் கன்று வெட்டப்படுவது போல அர்பாத்தின் அரசன் வெட்டப்படட்டும் என்று ஒரு சாபம் இருக்கிறது. வேதத்துக்குள்ளேயே எரேமியா 34 இருக்கிறது. எருசலேம் முற்றுகையில் இருந்தபோது, எபிரெய அடிமைகளை விடுதலை செய்கிறோம் என்று பிரபுக்கள் கன்றுக்குட்டியைப் பிளந்து நடுவே நடந்து சத்தியம் செய்தார்கள். கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்ததும் அதே அடிமைகளைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் நடுவே நடந்த அந்தக் கன்றைப் போலவே உங்களுக்கும் ஆகும் என்கிறார் எரேமியா. ஆக, துண்டுகளுக்கு நடுவே நடக்கிறவன் சொல்வது இதுதான்: நான் வார்த்தை தவறினால் எனக்கு இந்தக் கதி வரட்டும்.

இப்போது ஆதியாகமம் 15இல் யார் நடக்கிறார்கள் என்று பாருங்கள். வழக்கமாக இரண்டு பேரும் நடக்க வேண்டும், அல்லது தாழ்ந்தவன் நடக்க வேண்டும். சூரியன் இறங்குகிறது, ஆபிராமுக்கு அயர்ந்த நித்திரை வருகிறது, திகிலும் காரிருளும் மூடிக்கொள்கிறது. அந்த இருட்டில், தேவன் அங்கே இருக்கிறார் என்பதற்கு அடையாளமாக, புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் துண்டங்களுக்கு நடுவே கடந்துபோகின்றன. அவ்வளவுதான். ஆபிராம் நடந்ததாக ஒரு வரிகூட இல்லை. தேவன் தனியாக நடந்தார்.

என்னைப் பொறுத்தவரை முழு வேதத்திலும் உடன்படிக்கையைப் பற்றி இதைவிட முக்கியமான இடம் கிடையாது. இந்த உடன்படிக்கை உடைந்தால் யார் மேல் பழி என்பதை அவர் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். மனிதனின் விசுவாசம் எவ்வளவு கெட்டி என்பதைத் தாங்குதூணாக வைத்து அவர் இதைக் கட்டவில்லை. கட்டியிருந்தால் அடுத்த அதிகாரத்திலேயே இடிந்திருக்கும்: ஆபிராமும் சாராயும் பொறுக்க மாட்டாமல் ஆகார் மூலமாகப் பிள்ளைக்கு வழி தேடிக்கொண்டார்கள். ஓட்டை என்றால் அதுதான் ஓட்டை. உடன்படிக்கை அப்படியே நின்றது.

சரி, ஆனால் வாக்குப் பண்ணியது கிடைத்ததா? 75 வயதில் ஆரானை விட்டுப் புறப்பட்டவருக்கு 100 வயதில் ஈசாக்கு பிறந்தான், இருபத்தைந்து வருஷக் காத்திருப்பு. தேசத்தின் கதை இன்னும் விநோதம். சாராள் இறந்தபோது அடக்கம் பண்ண ஆறடி நிலம்கூட ஆபிரகாமுக்குச் சொந்தமாக இல்லை. ஆதியாகமம் 23 முழுக்க ஒரு நிலப் பேரம்தான்: ஏத்தியனாகிய எப்பெரோனிடம், ஊரார் முன்னிலையில், 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து மக்பேலா குகையையும் அதோடு சேர்ந்த நிலத்தையும் வாங்குகிறார். "இந்தத் தேசம் உன்னுடையது" என்று சொல்லப்பட்ட மனிதன், அதில் ஒரு துண்டை முழு விலை கொடுத்து வாங்குகிறார், அதுவும் கல்லறைக்கு. 175 வயதில் அவரும் அங்கேயே அடக்கம். எபிரெயர் 11 இதைப் பூசி மெழுகவில்லை. இவர்களெல்லாரும் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டவைகளை அடையாமல், தூரத்திலே அவைகளைக் கண்டு, விசுவாசத்தோடே மரித்தார்கள் என்றே எழுதியிருக்கிறது. அடையாமல் மரித்தார்கள், ஆனாலும் அவர்கள் பெயர் விசுவாச வீரர்களின் பட்டியலில்தான் இருக்கிறது. உங்கள் அம்மாவைப் பற்றி அந்த ஜெபக்குழு நண்பர் சொன்ன அளவுகோலால் அளந்தால் ஆபிரகாமுக்கும் அங்கே இடமில்லை.

மகனின் கேள்விக்கு வருகிறேன். நல்ல கேள்வி அது, அதட்டி அடக்கிவிடாதீர்கள். பவுல் இதே கேள்வியைக் கலாத்தியர் 3இல் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீல் மாதிரி வாதிடுகிறார்: ஆபிரகாமோடு பண்ணின உடன்படிக்கையை, 430 வருஷம் கழித்து வந்த நியாயப்பிரமாணம் தள்ளிவிட முடியாது. அப்பா பிள்ளைக்குத் தானப் பத்திரம் பதிவு செய்து கொடுத்துவிட்டார், பல வருஷம் கழித்து வீட்டில் சில கட்டுப்பாடுகள் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாடு வந்ததால் பத்திரம் ரத்தாகிவிடாது. வேதத்தில் வரும் உடன்படிக்கைகள் ஒன்றை அடித்துவிட்டு அதன் மேல் இன்னொன்று எழுதின மாதிரி வரவில்லை, ஒரே வாக்கு அடுத்தடுத்த கட்டமாக விரிகிறது.

நோவாவிடம் ஆரம்பியுங்கள். ஆதியாகமம் 6இல் மனிதனுடைய இருதயத்து நினைவுகள் எல்லாம் பொல்லாதவை என்பதால் ஜலப்பிரளயம் வருகிறது. வெள்ளம் வடிந்ததும் 8ஆம் அதிகாரத்தில் என்ன சொல்கிறார்? மனிதன் திருந்திவிட்டான் என்று சொல்லவில்லை. அவன் இருதயத்தின் நினைவுகள் சிறுவயது தொடங்கிப் பொல்லாதவை, இனி இப்படி அழிக்க மாட்டேன் என்கிறார். முன்பு அழிப்பதற்குச் சொன்ன அதே காரணம் இப்போது பொறுத்துக்கொள்வதற்கு! மனிதனிடம் ஒரு மாற்றமும் இல்லை என்று தெரிந்தே மேகத்தில் வில்லை வைத்தார். எபிரெயத்தில் அந்தச் சொல் போர்வில்லுக்கும் அதேதான். ஆயுதத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினது போல.

சீனாய் மலையில் மோசே மூலமாகச் செய்த உடன்படிக்கை கொஞ்சம் வேறு மாதிரி, அங்கே நிபந்தனைகள் உண்டு என்பதை மறைக்க வேண்டாம். 1954இல் ஜார்ஜ் மெண்டன்ஹால் என்ற ஆய்வாளர், ஏத்தியப் (ஹிட்டைட்) பேரரசர்கள் சிற்றரசர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளோடு இதை ஒப்பிட்டு எழுதினார். அவற்றில் முதலில் பேரரசன் தன் பெயரைச் சொல்வான், பிறகு உனக்கு நான் என்னென்ன நன்மை செய்தேன் என்பான், அதன் பிறகுதான் கட்டளைகள், கடைசியில் ஆசீர்வாதமும் சாபமும். பத்துக் கட்டளைகளை அந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே" என்பது முதலில், கட்டளை அப்புறம். விடுதலை ஏற்கனவே நடந்து முடிந்த விஷயம், இவர்கள் கீழ்ப்படிந்ததற்குக் கூலியாக அது வரவில்லை. எகிப்தில் அவர்கள் பெருமூச்சைக் கேட்டு, ஆபிரகாமோடு செய்த உடன்படிக்கையை நினைவுகூர்ந்தார் என்று யாத்திராகமம் 2 காரணத்தைச் சொல்லிவிடுகிறது.

"கர்த்தர் சொன்னபடியெல்லாம் செய்வோம்" என்று ஜனங்கள் இரத்தத் தெளிப்போடு சத்தியம் செய்து நாற்பது நாள் ஆவதற்குள் பொன் கன்றுக்குட்டி ஒன்றைச் செய்து கும்பிட்டார்கள். மோசே கட்டளைகள் எழுதின கற்பலகைகளை உடைத்தார் என்றால் கோபத்தில் கையில் இருந்ததை எறிந்தார் என்று மட்டும் நினைக்காதீர்கள், உடன்படிக்கைப் பத்திரம் கிழிந்தது என்று அர்த்தம். சட்டப்படி கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். பலகைகளை உடைக்கும் முன்பே, மலை மேல் மோசே வாதாடும்போது சீனாயைப் பிடித்துக்கொண்டு வாதாடவில்லை, அதைத்தான் ஜனங்கள் மீறிவிட்டார்களே. ஆபிரகாமையும் ஈசாக்கையும் இஸ்ரவேலையும் நினைத்தருளும் என்று, பழைய பத்திரத்தை எடுத்து நீட்டுகிறார். அது நின்றது. புதிதாக இரண்டு பலகைகள் வெட்டச் சொல்லி, தம்முடைய பெயரைத் தாமே விளக்குகிறார் கர்த்தர்: இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன். கன்றுக்குட்டிக்கு முன்னால் சொன்ன வார்த்தைகள் இல்லை இவை, பின்னால் சொன்னவை.

அந்தத் 'தயை'க்கு எபிரெயத்தில் 'ஹெசெத்' என்பார்கள். நாம் கிருபை, தயவு என்று மாற்றி மாற்றி வாசிக்கிறோம். கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் பல இடங்களில் 'பேரன்பு' என்று இருக்கிறது, 136ஆம் சங்கீதத்தில் இருபத்தாறு தடவை வருவது இந்தச் சொல்தான், எனக்கு அந்தத் தமிழ் பிடிக்கும். இதற்கு விளக்கம் எழுதுவதைவிட மேவிபோசேத்தைக் காட்டிவிடலாம். தாவீதும் யோனத்தானும் இளைஞர்களாக இருக்கும்போது உடன்படிக்கை செய்துகொண்டார்கள். யோனத்தான் போரில் செத்துப்போனான். வருஷங்கள் கழித்து, தாவீது சிங்காசனத்தில் உட்கார்ந்தபின், சவுல் வீட்டில் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று கேட்கிறார். புது ராஜா பழைய ராஜாவின் வாரிசைத் தேடினால் அந்தக் காலத்தில் ஒரே காரணம்தான் இருக்கும், தலையை எடுப்பது. லோதேபாரில் ஒளிந்த மாதிரி வாழ்ந்த, இரண்டு காலும் முடமான மேவிபோசேத்தைக் கூட்டிவருகிறார்கள். அவன் நடுங்கிக்கொண்டு முகங்குப்புற விழுகிறான். தாவீதோ, உன் தகப்பனாகிய யோனத்தான் நிமித்தம் உனக்குத் தயைசெய்வேன் என்று சொல்லி நிலத்தைத் திருப்பிக் கொடுத்து, தினமும் தன் பந்தியில் உட்கார வைக்கிறார். மேவிபோசேத் எதுவும் செய்யவில்லை. அந்த உடன்படிக்கை நடந்ததே அவனுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. அவனுடைய கால்கள் குணமானதாகவும் எழுதப்படவில்லை, 2 சாமுவேல் 9 முடிகிற வரியே அவன் இரண்டு காலும் முடமாயிருந்தது என்பதுதான். ராஜாவின் பந்தி, முடமான கால், இரண்டும் ஒரே வரியில் இருக்கின்றன. இந்த அதிகாரத்தை எத்தனை தடவை வாசித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

தாவீதின் உடன்படிக்கை வேறு ஒன்று இருக்கிறது, 2 சாமுவேல் 7. தேவனுக்கு ஒரு வீடு கட்டலாம் என்று தாவீது ஆசைப்படுகிறார், நான் அல்லவா உனக்கு வீடு கட்டுவேன் என்று பதில் வருகிறது. முதல் வீடு கட்டடம், இரண்டாவது வீடு வம்சம். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று பேசுகிற நமக்கு இந்தச் சிலேடையை விளக்கவே வேண்டாம். உன் சிங்காசனம் என்றென்றைக்கும் நிலைபெற்றிருக்கும் என்பது வாக்கு.

அந்த வாக்கு கண்ணெதிரே நொறுங்கின மாதிரிதான் ஆனது, உங்கள் கேள்விக்கு மிகக் கிட்டத்தில் வருகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். 89ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள். முதல் முப்பத்தேழு வசனங்கள் தேவனுடைய உண்மையைப் பற்றிய ஆனந்தப் பாட்டு, "என் உடன்படிக்கையை மீறமாட்டேன்" என்று அவரே சொன்னதாக மேற்கோள்கூட வருகிறது. அடுத்த வசனத்தில் பாட்டு தடால் என்று திரும்புகிறது: உமது உடன்படிக்கையை நீர் ஒழித்துவிட்டீர், கிரீடத்தைத் தரையிலே தள்ளிவிட்டீர், தாவீதுக்குச் சத்தியம்பண்ணின உமது பூர்வ கிருபைகள் எங்கே? அந்தச் சங்கீதத்துக்குள் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. "விசுவாசக் குறைவு" என்று யாரும் அதை வேதத்திலிருந்து எடுத்துப் போடவும் இல்லை, ஆலயத்தில் பாடுகிற பாட்டாகவே வைத்திருந்தார்கள். நீங்கள் எனக்கு எழுதினது அந்தச் சங்கீதத்தின் இரண்டாம் பாதிதான், சகோதரி. அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. உடன்படிக்கைக்கு உள்ளே இருப்பவர்தான் இப்படிக் கேட்க முடியும், அந்நியர் எதிர்பார்க்கவும் மாட்டார், ஏமாறவும் மாட்டார்.

கி.மு. 597இல் தாவீதின் வாரிசான யோயாக்கீன், மூன்றே மாதம் ஆண்ட பதினெட்டு வயது ராஜா, பாபிலோனுக்குக் கைதியாகப் போனான். பத்துப் பதினோரு வருஷத்தில் எருசலேமும் ஆலயமும் எரிந்து தரைமட்டம். இதுவும் சீனாய் உடன்படிக்கையில் எச்சரித்திருந்ததுதான், தேவன் சொன்ன வார்த்தையைக் காப்பதில் தண்டனையும் அடங்கும் என்பதை வேதம் ஒளிக்கவில்லை. (நோய் வருகிற ஒவ்வொருவருக்கும் அது தண்டனை என்று இதிலிருந்து எடுக்கக் கூடாது, அந்தத் தவறை யோபுவின் நண்பர்கள் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.) ஆனால் 2 ராஜாக்கள் புத்தகம் எப்படி முடிகிறது? சிறையிருப்பின் முப்பத்தேழாம் வருஷத்தில் பாபிலோன் ராஜா யோயாக்கீனை வெளியே எடுத்து, சிறை உடையை மாற்றி, தன் பந்தியில் சாப்பிட வைக்கிறான். ஜெர்மானியர் பாபிலோனில் தோண்டியபோது களிமண் பலகைகள் சில கிடைத்தன, 1939இல் எர்ன்ஸ்ட் வைட்னர் அவற்றை வெளியிட்டார். அரண்மனைக் கிடங்கிலிருந்து யாருக்கு எவ்வளவு எண்ணெய் அளந்து கொடுத்தார்கள் என்கிற சாதாரணக் கணக்கு. அதில் யூதாவின் ராஜா யோயாக்கீனும் அவனுடைய ஐந்து குமாரர்களும் இருக்கிறார்கள். எருசலேமில் சிங்காசனம் இல்லை, ஆலயம் இல்லை, சங்கீதக்காரன் அழுதுகொண்டிருக்கிறான். எதிரி அரண்மனையின் ரேஷன் கணக்கில், ஒரு எண்ணெய் அளவாக, தாவீதின் வீடு உயிரோடு இருக்கிறது. மத்தேயு முதல் அதிகாரத்தில் எகொனியா என்று வருகிறவன் இவன்தான், இயேசுவின் வம்சவரிசை இவன் வழியாகத்தான் போகிறது. அழுதவனுக்கு அது தெரிய வழியே இல்லை.

அதே அழிவின் நடுவில்தான் 'புது உடன்படிக்கை' என்ற வார்த்தையும் பிறந்தது, எரேமியா 31இல். என் ஜனங்கள் என் உடன்படிக்கையை மீறினார்கள், ஆகவே முடிந்தது என்று எதிர்பார்க்கிற இடத்தில், கற்பலகைக்குப் பதிலாக இருதயத்திலே எழுதுவேன், அவர்கள் பாவங்களை இனி நினையாதிருப்பேன் என்கிறார். யாத்திராகமத்தில் உடன்படிக்கையை நினைவுகூர்ந்தவர், இங்கே பாவத்தை நினைக்க மாட்டேன் என்கிறார். உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள், மாறினது எழுதுகிற இடம். எழுதுகிறவரும், "நான் அவர்கள் தேவனாயிருப்பேன், அவர்கள் என் ஜனமாயிருப்பார்கள்" என்ற வாக்கும் பழையவைதான். இஸ்ரவேலைத் தள்ளிவிட்டு நம்மைப் பிடித்துக்கொண்டார் என்று நம் பிரசங்கங்களில் சில சமயம் கேட்கிறோமே, அதை நான் ஏற்பதில்லை. தேவனுடைய அழைப்பு மாறாதது என்று பவுல் ரோமர் 11இல் எழுதியது யூதர்களைப் பற்றித்தான். அவர்களிடம் வார்த்தை மாறுகிறவராக இருந்தால் நம்மிடம் மட்டும் மாற மாட்டார் என்று நம்ப என்ன முகாந்தரம் இருக்கிறது?

புது உடன்படிக்கையைப் பேசிய கையோடு எரேமியா செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். பாபிலோன் படை நகரத்தைச் சுற்றி நிற்கிறது, எரேமியா காவல் முற்றத்தில் கைதி. அந்த நேரத்தில் சொந்த ஊரான ஆனதோத்தில் ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். சாட்சிகளை வைத்து, கிரயப்பத்திரத்தில் முத்திரை போட்டு, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லி, தன் எழுத்தரான பாருக்கிடம் கொடுக்கிறார். எதிரி ஆக்கிரமித்துவிட்ட நிலம். அவர் அதில் குடியிருக்கவே இல்லை, கடைசியில் எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போகப்பட்டார். எரேமியாவின் பதினேழு சேக்கலையும் ஆபிரகாமின் நானூறையும் நான் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் யோசிப்பேன். உடன்படிக்கையை நம்பினவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் இவ்வளவுதான்: ஒரு கல்லறை, ஒரு பானைக்குள் ஒரு பத்திரம்.

இனி உங்கள் அம்மாவின் வசனம். 118ஆம் சங்கீதம் தனியாக நிற்கிற பாட்டு இல்லை. 113 முதல் 118 வரையான சங்கீதங்களைச் சேர்த்து யூதர்கள், எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா இரவில் பாடுவார்கள், பந்திக்கு முன் ஒரு பகுதி, பந்தி முடிந்தபின் மீதி. இப்போது மத்தேயு 26ஐ எடுங்கள். இயேசு அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார், பாத்திரத்தை எடுத்து, இது உடன்படிக்கைக்குரிய என் இரத்தம் என்றார், அதன்பின் "ஸ்தோத்திரப்பாட்டைப் பாடினபின்பு, ஒலிவமலைக்குப் புறப்பட்டுப்போனார்கள்." அந்த ஸ்தோத்திரப்பாட்டு இந்தச் சங்கீதங்கள்தான் என்று வேத அறிஞர்கள் பரவலாகச் சொல்கிறார்கள். அப்படியானால் "நான் சாவாமல், பிழைத்திருந்து" என்ற வரியை இயேசு அன்றிரவு தம் வாயால் பாடியிருக்கிறார். மறுநாள் மூன்று மணிக்கு மரித்தார்.

இதை நான் முதன்முதலில் யோசித்தது என் அப்பாவின் படுக்கைக்குப் பக்கத்தில். எங்கள் வீட்டிலும் ஒரு வசனம் சுவரில் ஒட்டியிருந்தது, அப்பா பிழைக்கவில்லை. அன்றைக்கு எனக்குள் ஏதோ ஒன்று தளர்ந்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வரியைப் பாடிவிட்டுச் சாகிறவனை ஏமாந்தவன் என்று சொன்னால் இயேசுவையும் அப்படித்தான் சொல்ல வேண்டும். அவர் விசுவாசத்தில் ஓட்டையா? அந்தச் சங்கீதம் பொய்யாகிவிடவில்லை, மரணத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல் அதற்குள் புகுந்து மூன்றாம் நாள் மறுபக்கம் வெளியே வந்தது. அதே சங்கீதத்தில் ஐந்து வசனம் தள்ளி, வீடுகட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல் தலைக்கல்லாயிற்று என்று வருகிறது, இயேசு தம்மைக் குறித்துச் சொன்ன வசனம் அது.

அந்த இரவில் இன்னொன்றும் நடந்தது. கெத்செமனேயில் அவர் தனியாக வியர்வை சிந்தும்போது சீஷர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்று ஆபிராம் தூங்கியது போல. மறுநாள் பட்டப்பகலில் காரிருள் மூடியது, அதுவும் அன்று போல. துண்டுகளுக்கு நடுவே தனியாக நடந்து, உடைந்தால் பழி என்மேல் என்று ஏற்றுக்கொண்டவர், நாம் உடைத்ததற்கு அங்கே தம் உடலில் கணக்குத் தீர்த்தார். உண்மையுள்ளவர் என்று நாங்கள் சொல்வது இந்த அர்த்தத்தில். ஒவ்வொரு அட்டையில் வந்த ஒவ்வொரு வரியும் நாம் நினைத்தபடி, நாம் நினைத்த மாதத்துக்குள் நடக்கும் என்ற அர்த்தத்தில் இல்லை. அம்மாவை அவர் விடவில்லை, விடமாட்டார், கல்லறையையும் சேர்த்தே அது உண்மை. இது உங்கள் வலிக்கு மருந்தாக உடனே வேலை செய்யும் என்று நான் நினைக்கவில்லை. அழுங்கள், இயேசுவே லாசருவின் கல்லறையில் அழுதார்.

சபைகளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் போல இருக்கிறது. வாக்குத்தத்த அட்டை கொடுப்பதில் எனக்கு மனஸ்தாபம் இல்லை, எங்கள் வீட்டிலும் வருஷா வருஷம் எடுப்போம். ஆனால் ஒரு நீளமான கதையின் நடுவிலிருந்து ஒரு வரியை நறுக்கி, தேதி போட்டுக் கையில் கொடுத்து, நிறைவேறாவிட்டால் வாங்கினவர் மேல் பழி என்று விட்டுவிடுவது உடன்படிக்கையைத் தலைகீழாக்குவது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் வருஷத் துவக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை நடத்துகிற வழக்கம் உண்டு, 1755இல் லண்டனில் ஜான் வெஸ்லி தொடங்கின மெதடிஸ்ட் வழக்கம் அது. அந்த ஜெபத்தில் எனக்கு இது வேண்டும் என்ற பட்டியல் இல்லை. நான் என்னுடையவன் அல்ல, உம்முடையவன், பாடு படவும் என்னை வையும், நிறைவாகவோ வெறுமையாகவோ இருக்கட்டும் என்ற பொருளில் போகும். அட்டை எடுக்கிற அதே வாரத்தில் அந்த ஜெபத்தையும் நிதானமாகச் சொல்லிப் பழகினால், துக்க வீட்டில் ஓட்டை தேடுகிற பேச்சு குறையும் என்பது என் எண்ணம்.

அட்டையைக் கிழிக்கலாமா என்று கேட்டீர்கள். 1979இல் எருசலேமின் பழைய நகரத்துக்குத் தென்மேற்கே, இன்னோம் பள்ளத்தாக்கை ஒட்டின கேத்தேப் இன்னோம் என்ற சரிவில், கேப்ரியல் பர்காய் என்ற தொல்லியலாளர் குகைக் கல்லறைகளைத் தோண்டினார். ஒரு கல்லறையில், இறந்தவர்களோடு வைத்த பொருட்களுக்கு நடுவே, சுருட்டின இரண்டு சின்ன வெள்ளித் தகடுகள் கிடைத்தன, கழுத்தில் கோர்த்துப் போடுகிற மாதிரி. உடையாமல் விரிப்பதற்கு மூன்று வருஷம் ஆனது. பெரியதை விரித்தபோதே பத்து சென்டிமீட்டர் நீளம் இல்லை. எரேமியாவின் காலத்தை ஒட்டினவை, இதுவரை கிடைத்ததில் வேதவசனம் எழுதப்பட்ட மிகப் பழைய பொருள் இவைதான். இரண்டிலும் "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்ற ஆசீர்வாதம் இருக்கிறது. பெரிய தகட்டில் அதற்கு மேலே, உபாகமம் 7இல் வருகிற வார்த்தைகள்: தம்மில் அன்புகூருகிறவர்களுக்கு உடன்படிக்கையையும் தயவையும் காக்கிறவர். யாரோ ஒருவர் அதைக் கழுத்தில் போட்டிருந்தார், அவர் செத்தபோது வீட்டார் அதைக் கழற்றி எறியவில்லை, கூடவே வைத்தார்கள்.

அம்மாவின் வேதப்புத்தகத்தில் அட்டை எந்தப் பக்கத்தில் இருந்ததோ அங்கேயே இருக்கட்டும்.